எஸலின் கண்ணீரைக் கவனித்துக்கொண்டவள்

கெளுத்தி மீன் வறுவல் நன்றாக இருந்தது, டீக்கன் பிரேசி. மேல்மாவில் மிளகு கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். எர்லீனுக்குக் கை தாராளம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாப்பிட்டவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமல்லவா, அதற்காகச் சொன்னேன்.

இன்றைய சபைக் கூட்டத்தில் என்னைப் பேசும்படி யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். மவுண்ட் நீபோ சபையில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. காணிக்கைத் தட்டு வரும்போது "இந்தாங்க" என்று சொல்லிப் பக்கத்தில் கொடுப்பேன். அதைவிட நீளமாக நான் இங்கே எதுவும் பேசியதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அத்தையின் பார்லரில் முடி பெருக்கப் போனவள் நான். பெருக்குகிறவளோடு யாரும் பேச மாட்டார்கள். ஆனால் அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு பார்லர் என் கைக்கு வந்தபோதும் பழக்கம் மாறவில்லை.

போன ஜூலையில் எஸல் ப்ரூயிட்டின் கல்யாணத்தன்று இந்தக் கூரையின் கீழ் பரிசுத்த ஆவி இறங்கியதாக நீங்கள் எல்லோரும் நம்புகிறீர்கள். அந்த நாளை ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாட இன்றைக்குத் தீர்மானம் போடப் போகிறீர்கள். அதற்கு முன் ஒரு சிறிய திருத்தம் சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். திருத்தம் சிறியதுதான். சொல்வதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

எஸல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவி எர்லீன். இரண்டு பேரும் கேட்கட்டும். கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எஸலை உங்களுக்குத் தெரியும். வானொலியில் அவனுக்குக் "கண்ணீர் எஸல்" என்று பெயர். நம் மெம்பிஸிலிருந்து டெட்ராய்ட் வரை பெண்கள் அவன் பாட்டைக் கேட்டுக் கைக்குட்டை நனைத்தார்கள். பத்திரிகைகள் அவனை அலைக்கழிக்கப்பட்ட ஆத்மா என்று எழுதின. உங்களில் சிலர், கோயிலில் பாடிய வாயால் பிசாசுக்குப் பாடுகிறான், அதனால்தான் அவனுக்குத் துன்பத்துக்கு மேல் துன்பம் வருகிறது என்று என் நாற்காலியில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறீர்கள். நான் முடியில் சுருள் சுற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

பிசாசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லாம் நான்தான்.

எஸல் பிறவியிலேயே சந்தோஷமான ஆள். அப்பா தபால்காரர், அம்மா தையல்காரி, இரண்டு பேரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். மூன்று வேளையும் சாப்பிடுவான். தலையணையில் தலை படும்போதே தூங்கிவிடுவான். இந்தச் சபையின் பாடகர் குழுவில் அவன் முதன்முதலாகத் தனியாகப் பாடியபோது எல்லோரும் "நல்ல பையன்" என்றார்கள். பாட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் குரல் காய்ச்சிய பால் மாதிரி இருந்தது. சுத்தமானது, உடம்புக்கு நல்லது, ஆனால் யாரும் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய சலவைக் கடையைப் பிடித்துப் பியூஃபர்ட் கேய்ன்ஸ் பாட்டுகளைப் பதிவு செய்து இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வாரம் ஒருமுறை தலை வாருகிறவள் நான். எஸலை அவரிடம் அழைத்துப் போனதும் நானே. அவர் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குரல் பிரமாதம், லவாடா. ஆனா இந்தப் பய இதுவரைக்கும் ஒரு செருப்பக்கூடத் தொலைச்சதில்ல போலருக்கே. சோல் பாட்டு, அதான் மனச உருக்குற பாட்டு, பாடணும்னா ஏதாவது தொலைஞ்சிருக்கணும்மா."

அது நியாயமான பேச்சு என்றே எனக்குப் பட்டது.

முதல் முறை நடந்தது உண்மையிலேயே விபத்து. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்தக் காலத்தில் நம் ஆண்கள் சுருள்முடியை நேராக்கிக்கொள்வார்கள். காஸ்டிக் சோடா, முட்டை, உருளைக்கிழங்கு மூன்றையும் குழைத்த களிம்பு. தலையில் தடவி, எரியத் தொடங்கியதும் தண்ணீரில் அலசிவிட வேண்டும். தாமதிக்கக் கூடாது. எஸலின் முதல் ஒலிப்பதிவு அன்று சலவைக் கடையின் பின்னறையில் அவனுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். டிரம்பெட் வாசிக்கிறவர்களுக்கு வேறு இடத்துக்குப் போகும் அவசரம். கேய்ன்ஸ் எட்டிப் பார்த்து, "அது ஊறட்டும், அதுக்குள்ள ஒரு தடவ பாடிட்டு வந்துடட்டும்" என்று தோளில் துண்டோடு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது. தெருவில் குழாய் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு ஒரு சாதாரணப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கோழி வறுத்து வை என்று ஒருவன் காதலியிடம் சொல்கிறான், அவ்வளவுதான். இரண்டாம் சரணத்தில் எஸலுக்கு எரியத் தொடங்கியது. அவன் தலையைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தான். வாசித்தவர்கள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக வாசித்தார்கள். "கோழி" என்ற சொல் வந்தபோது அவன் அலறினான். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாட்டு முடியும் வரை அந்த ஒரே சொல்லையே அலறிவிட்டு, ஓடிப்போய்ச் சோடாப் புட்டிகள் மிதந்த பனிக்கட்டித் தொட்டிக்குள் தலையை விட்டான்.

"அக்கா, தல போச்சுக்கா," என்றான் உள்ளிருந்தபடியே.

கேய்ன்ஸ் அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில்.

இரண்டு வாரத்தில் அந்தப் பாட்டு எல்லாச் சமையலறையிலும் ஒலித்தது. வானொலிக்காரர் ஒருநாள் பாட்டு முடிந்ததும் "ஜனங்களே, அந்தக் கோழியால இந்த மனுசனுக்கு என்ன நடந்துச்சோ, அத நாம கேக்கக் கூடாது" என்றார். நான் பார்லரில் நின்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த எதையும் அதுவரை யாரும் மறுமுறை கேட்டதில்லை.

இரண்டாவது ஒலிப்பதிவுக்குத் தெருவில் குழாய் வேலை எதுவும் நடக்கவில்லை. ஆனால் தண்ணீரை நிறுத்தும் வால்வு அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

டீக்கன், உங்கள் முகம் மாறுகிறது. சிஸ்டர் மேபலின் முகமும்தான். சிஸ்டர், ஒவ்வோர் ஈஸ்டருக்கும் முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பால் உங்கள் காதைச் சுட்டிருக்கிறேன். நீங்கள் "ஸ்ஸ்" என்பீர்கள், பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்வீர்கள். அழகுக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். நான் எஸலின் குரலுக்குச் செய்தது அதுதான். எட்டுப் பாட்டுகள். தோலுக்கு நிரந்தரக் கேடு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். அது லேசான வேலையல்ல.

எஸல் சிரிக்கிறான். "அடப்பாவி அக்கா, அதான் ஒவ்வொரு தடவையும் குழாயில தண்ணி வரலயா? நான் கார்ப்பரேசன்காரன இல்ல திட்டிட்டு இருந்தேன்," என்கிறான்.

எஸல், இது சிரிக்கும் இடமல்ல. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு காலம் மாறியது. நேராக்கிய முடி அவமானம், சுருள்முடியைச் சுருளாகவே விடுவதுதான் பெருமை என்று இளைஞர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒருநாள் எஸல் வட்டமாக வளர்த்த தலையோடு வந்து நின்றான். "இனிமே களிம்பு வேணாம்க்கா. கடவுள் குடுத்தது, அப்படியே இருக்கட்டும்." கொள்கையளவில் எனக்கு மறுப்பில்லை. எனக்கும் அவன் அப்படி அழகாகத்தான் தெரிந்தான். ஆனால் அடுத்த பாட்டை வானொலிக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு வானிலை சொன்னார்.

ஆகவே நாயைப் பார்க்க வேண்டியதாயிற்று.

எஸலுக்கு ஒரு பழுப்பு வேட்டை நாய் இருந்தது. பெயர் பெர்ல். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசலுக்கு வந்து நிற்கும். அவன் ஊரில் இல்லாத ஒருநாள் அதை என் காரில் ஏற்றி, ஆற்றைக் கடந்து ஆர்கன்சாஸில் என் சித்தி மகன் பண்ணையில் விட்டுவிட்டு வந்தேன். வழியில் அதற்குத் தொத்திறைச்சி வாங்கிக் கொடுத்தேன். எஸல் திரும்பியதும், ரயில் பாதையில் ஏதோ பழுப்பாகக் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். அது பொய்யல்ல. ஒரு கோணிப்பை கிடந்தது.

அவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கேய்ன்ஸிடம் போய், "பெர்ல், கூப்பிட்டால் வரமாட்டாயா" என்று ஒரு பாட்டை நின்ற இடத்திலேயே பாடினான். களிம்பு இல்லை, வால்வு இல்லை. கேட்டவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். துக்கம் காஸ்டிக் சோடாவைவிட நீண்ட நேரம் தாங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பெர்ல் ஒரு பெண் என்றே எல்லோரும் நினைத்தார்கள். யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நாய்க்காக அழுகிறோம் என்று உலகத்துக்கே தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். டெட்ராய்ட் மேடையில் ஒருத்தி காலுறையைக் கழற்றி எறிந்து, "அந்தப் பெர்ல் போனா போறாய்யா, நான் வர்றேன்" என்று கத்தினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் பெர்ல் எப்படிப்பட்டவள் என்று கேட்டார். எஸல் உண்மையைச் சொன்னான்.

"பழுப்புக் கண்ணு. நான் எப்ப வந்தாலும் வாசல்ல நிப்பா. ஒரு நாளும் எதுத்துப் பேசினதில்ல. எலும்பு போட்டாக்கூட சந்தோசமா வாங்கிப்பா."

கடைசி வாக்கியத்தைப் பத்திரிகையில் விட்டுவிட்டார்கள்.

உட்கார், எஸல். ஆமாம், உயிரோடுதான் இருக்கிறாள். குட்டி போட்டிருக்கிறாள், அந்தக் குட்டிகளும் குட்டி போட்டுவிட்டன. எர்லீன், அவன் கோட்டைப் பிடித்துக்கொள். ஆர்கன்சாஸ் எங்கேயும் ஓடிப்போகாது. கூட்டம் முடிந்து போகலாம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே அழுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாயை நடுவில் சொல்லியிருக்கக் கூடாது.

அந்தப் பேட்டியைப் படித்துவிட்டுத்தான் பெர்னடீன் வந்தாள். தொப்பிக் கடையில் வேலை செய்தவள். பெர்ல் உடைத்த இதயத்தைத் தான் ஒட்ட வைப்பதாகச் சொல்லி அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பெர்ல் யார் என்று தெரிந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பிறகு அதையும் மன்னித்துவிட்டாள். அவர்கள் நன்றாக இருந்தார்கள். எஸல் குண்டானான். மேடையில் பாட்டுக்கு நடுவே சமையல் குறிப்பு சொல்லத் தொடங்கினான்.

பெர்னடீன் விஷயத்தில் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பார்லர் தரையில் எப்போதும் முடி கிடக்கும். அதில் கொஞ்சம் எடுத்து அவன் கோட்டின் தோளில் வைத்தேன். ஒரு வாரம் நீளமாக, ஒரு வாரம் குட்டையாக, ஒரு வாரம் சாயம் போட்ட சிவப்பு. பெர்னடீன் கெட்டிக்காரி, கவனிக்கிறவள். ஒருநாள் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

"லவாடாக்கா, இந்தச் செவப்புத் தலக்காரி யாருக்கா? ஊர்ல உள்ள தல எல்லாம் உன் கை வழியாத்தான போகுது."

"எங்கிட்ட வர்றவங்க விசயத்த நான் வெளிய பேசறதில்லம்மா," என்றேன்.

அதுவும் உண்மைதான். அந்த மாதமே அவள் விவாகரத்து கேட்டுவிட்டுச் சிகாகோ போய்விட்டாள். எஸல் இரண்டு இசைத்தட்டு நிறையப் பாடினான். அவற்றில் ஒன்றைக் கேட்டுவிட்டு ஓர் ஓட்டுநர் பேருந்தை ஓரங்கட்டிவிட்டு அழுதாராம். பயணிகளும் காத்திருந்தார்களாம்.

என்ன, எஸல்? "அவ போனதாலதான எர்லீன் வந்தா" என்கிறாயா? இந்தச் சுபாவம்தான் உன்னிடம் எனக்குப் பெரிய தொல்லை. எதை எடுத்தாலும் அதில் நல்லதைக் கண்டுபிடித்துவிடுகிறாய். இதோடு நான் எப்படிப் போராடினேன் என்று இந்தச் சபைக்குத் தெரியாது.

எர்லீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் சமைக்கிறவள். ஏதோ ஒரு விழாவுக்கு எஸல் அங்கே பாடப் போனான். பெர்ல் பாட்டைப் பாடியதும் ஆசிரியைகள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எர்லீன் கரண்டியோடு வந்து, "நாய்தான?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். "நெனச்சேன். பொம்பளைக்கு இவ்வளவு அழற ஆம்பளய நான் பாத்ததில்ல," என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு எஸலைச் சாப்பாட்டு அறையிலிருந்து பிரிக்க முடியவில்லை.

நான் கோட்டில் முடி வைத்துப் பார்த்தேன். எர்லீன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் கொண்டுவந்தாள்.

"பாருக்கா, நுனியெல்லாம் பொளந்து கெடக்கு. யாரோ பாவம், சரியாப் பாத்துவிட ஆளில்ல போல. உங்கிட்ட வரச் சொல்லட்டுமா?"

அது என் பார்லரில் வெட்டிய முடி. நான் அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு கல்யாணத் தேதி வைத்தார்கள். அதைவிட மோசமான செய்தியும் வந்தது. எஸல் ஊர் ஊராகப் பாடப் போவதை விட்டுவிடப் போகிறான். சனிக்கிழமைகளில் எர்லீனோடு மீன் வறுத்து விற்பான். ஞாயிற்றுக்கிழமை இங்கே பாடகர் குழுவில் நிற்பான். "போதும்க்கா, அழுதது. இப்ப சந்தோசமாப் பாடப் போறேன்," என்று என்னிடம் வந்து சொன்னான். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு நல்ல வீட்டை யாரோ என் கண்ணெதிரே இடிப்பது போல இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை முடியை நேராக்கிக்கொள்ளச் சொன்னேன். அவன் அம்மா சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் இருப்பது போல, அம்மாவுக்காக. அம்மாவுக்காக என்றால் எஸல் எதற்கும் சம்மதிப்பான். அன்று காலை களிம்பு தடவி, முன்பக்கம் நன்றாக அலசினேன். பிடரிப் பக்கம் அலசவில்லை. அங்கே தோலின்மேல் வாசலினைத் தடிமனாகப் பூசி, அதற்கு மேலே களிம்பை விட்டுவைத்தேன். வாசலின் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஜூலை மாதப் பிற்பகல், நிரம்பி வழியும் கோயில், கெட்டிக் கழுத்துப்பட்டைச் சட்டை. வாசலின் எப்போது உருகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அது என் தொழில்.

என் எண்ணம் எளிமையானது. எர்லீனை மனைவியாக ஏற்கிறாயா என்று பாஸ்டர் கேட்பார். எஸல் அலறுவான். எந்தப் பெண்ணும் அதைப் பதிலாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

பாஸ்டர் கேட்டார். எஸல் அலறினான். அவன் வாழ்க்கையிலேயே சிறந்த அலறல். அதை யாரும் ஒலிப்பதிவு செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்தச் சபையிலேயே வளர்ந்தவள் நான். இங்கே ஒருவன் அலறினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆவி இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். ஆர்கன் வாசிக்கிறவர் உடனே துள்ளல் தாளத்துக்குப் போனார். எஸல் பிடரியைப் பிடித்துக்கொண்டு குதித்தான், நீங்களும் குதித்தீர்கள். வெள்ளைக் கையுறை போட்ட சபைப் பணிப்பெண்கள் ஓடிவந்து அவனுக்கு விசிறினார்கள். சிஸ்டர் மேபல் தொப்பியைக் கழற்றி எறிந்தார், அது பாஸ்டர் மேல் விழுந்தது, பாஸ்டர் அதை ஆவியின் தொடுதல் என்று நினைத்து மயங்கி விழுந்தார். டீக்கன் பிரேசி, நீங்கள் முழங்கால் வலிக்காரர். அன்று பெஞ்சுகளின் மேலே ஓடினீர்கள். பதினோரு பேர் முன்னால் வந்து சபையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பூ கொண்டுவந்து கொடுத்த கடைக்காரர்.

எர்லீன் மட்டும் குதிக்கவில்லை. மாப்பிள்ளையின் கழுத்தருகே மூக்கை வைத்து முகர்ந்தாள். சமையலறைச் சாக்கடையை அவள் காஸ்டிக் சோடா போட்டுத்தான் சுத்தம் செய்கிறாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். மறுநாள் நடக்கவிருந்த ஞானஸ்நானத்துக்காகப் பிரசங்க மேடைக்குப் பின்னால் தொட்டி நிரப்பி வைத்திருந்தீர்கள். அவள் கல்யாண உடையோடு எஸலை இடுப்போடு தூக்கிக்கொண்டு போய் அதற்குள் குதித்தாள். அவன் தலையை நீருக்குள் அழுத்தி அலசினாள். எழுப்பினாள், மறுபடி அழுத்தினாள். நீங்கள் ஒவ்வொரு முறையும் "அல்லேலூயா" சொன்னீர்கள். மூன்றாம் முறை அவன் எழுந்தபோது பிடரியில் முடி இல்லை. மயக்கம் தெளிந்த பாஸ்டர் தொட்டியின் ஓரத்தில் நின்று மறுபடியும் கேட்டார்.

"சம்மதம், சம்மதம், ரொம்ப சம்மதம்," என்றான் எஸல், மூக்கால் தண்ணீர் விட்டபடி.

அதுதான் என் திருத்தம். அன்று இறங்கியது ஆவியல்ல. தீர்மானத்தில் அதை எப்படி எழுதுவது என்பது உங்கள் பொறுப்பு. அதன்பிறகு முழங்கால் வலிக்கவேயில்லை என்கிறீர்களா, டீக்கன்? அதற்கு என்னிடம் விளக்கமில்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். கல்யாணம் முடிந்த வாரம் எர்லீன் பார்லருக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து என் கையில் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, எனக்குத் தெரியும். அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயா என்னைக்காவது சொல்லிரு. மனசு லேசாகும்."

"யாருக்கு?" என்றேன்.

"ஒனக்குத்தான்க்கா. அவருக்குத்தான் பாரமா இருக்கும், பாவம். ஒன்ன சொந்த அக்கா மாதிரி நெனச்சிட்டு இருக்காரு."

நான் அவள் தலையை அலசினேன். வெதுவெதுப்பான தண்ணீரில், மிகவும் கவனமாக. அவள் சொன்னதை அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்வது நல்லது என்று நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறீர்கள். இத்தனை நாள் நான் பொய்யைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். உண்மை இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

டீக்கன், முடித்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அது எஸலுக்கு.

எஸல், நீ நல்லவன். அதனால் யாரும் உன்னிடம் இதைச் சொல்ல மாட்டார்கள். நீ சந்தோஷமாகப் பாடியதை இதுவரை ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. பாடகர் குழுவில் உன்னை மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். இடநெருக்கடி என்று சொல்லியிருப்பார்கள். நீ பெரிய பாடகன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டாய். அந்த அலறல் களிம்பினுடையது. அந்த அழுகை ஒரு நாயினுடையது. மற்றதெல்லாம் பார்லர் தரையில் கிடந்த முடி. உன் தொண்டை வெறும் குழாய், தம்பி. திறந்தவளும் மூடியவளும் நான். அந்தப் பாட்டுகளைப் பாடியது நான்தான். நீ வாயைத் திறந்தாய்.

இதை உன்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால் முழுதாகக் கேட்க வேண்டும்.

இப்போது சிரிக்கவில்லை பார்த்தீர்களா. நாய் உயிரோடிருக்கும் செய்தி தந்த வெளிச்சம் கூட இந்த முகத்தில் இப்போது இல்லை. பெர்னடீன் போனபோது கூட இப்படி இருந்ததில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்காக, பாதிக்கப்பட்டவர் எழுந்து ஒரு பாட்டு எடுப்பது நம் சபை வழக்கம். அதன்பிறகுதான் எல்லோரும் கை கொடுத்துச் சேர்த்துக்கொள்வீர்கள். வழக்கத்தை மீறும்படி நான் கேட்கவில்லை. எஸல் பாடட்டும். எனக்கு வேண்டியது மன்னிப்பு மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. பின்வரிசையில் கேய்ன்ஸ் ஓர் ஒலிப்பதிவுப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதைச் சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். நான்தான் வரச் சொன்னேன். என் வாக்குமூலத்தை நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இவ்வளவு நேரம் அவர் அதை இயக்கவில்லை என்பது உண்மை. நான் பேசியதில் பதிவு செய்ய என்ன இருக்கிறது.

எர்லீன், அவன் கையை விடு. ஆறுதல் எதுவும் சொல்லாதே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள். சிஸ்டர் மேபல், விசிறியை நிறுத்துங்கள், சத்தம் கேட்கும். எழுந்து நில், எஸல். அப்படித்தான். வாயைத் திறக்காதே கண்ணு, கொஞ்சம் பொறு, கேய்ன்ஸ் நாடாவை மாட்டிக்கொள்ளட்டும்.